எந்தப் புருவம்

சலூன்காரர் கடைக்குள் இருந்தால் வாய் ஓயாது. தெருவில் இறங்கினால் ஆளைக் கண்டுகொள்ள மாட்டார். அந்தத் தெருவில் அவரைப் பற்றி இருந்த ஒரே குறை இதுதான். காலையில் அவர் கையில் கன்னத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர், சாயங்காலம் ரொட்டிக் கடை வாசலில் எதிரே வந்து சிரித்தால், யாரோ எவரோ என்று தாண்டிப் போய்விடுவார். தலைக்கனம் என்றார்கள் சிலர். தலைக்கனமெல்லாம் ஒன்றும் கிடையாது, அவர் பிழைப்பு அப்படி. பார்க்கிற முகங்களையெல்லாம் அவர் கண்ணாடிக்குள்தான் பார்த்துப் பழகியிருந்தார். வகிடு, மச்சம், கோணல் மூக்கு எல்லாம் அதற்குள் அதனதன் இடத்தில் இருக்கும். அதே ஆள் வெளியே நேருக்கு நேர் வந்தால் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். எது என்று யோசிப்பதற்குள் ஆள் போயே போய்விடுவார்.

"தபால்காரர் வணக்கம் வச்சாரு. நீங்க பாட்டுக்கு மரத்தைப் பாத்துட்டு வர்றீங்க" என்று மனைவி இடிப்பாள்.

"அவரு மாதிரிதான் இருந்துச்சு. அவரு தம்பியோன்னு நெனச்சேன்."

"அவருக்குத் தம்பியே கிடையாது."

இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் பல வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

கடை சின்னது. ஒரே ஒரு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, மூலையில் தண்ணீர்த் தொட்டி. வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அதைப் பார்த்தபடி நாற்காலிக்குப் பின்னால் அவர் நிற்பார். தெரு அவர் முதுகுக்குப் பின்னால் ஓடும். ஆனாலும் தெருவில் நடக்கிற எதுவும் அவருக்குத் தப்பாது. யார் யாரோடு பேசுகிறார்கள், எந்த வண்டி எங்கே நின்றது, யார் வீட்டுக்கு மருந்து போகிறது, எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே தெரிந்துவிடும். கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. கத்தி பிடித்தவன் திரும்பக் கூடாது என்று அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது வேறு.

எதிரே இருந்த மருந்துக் கடை அவர் மச்சானுடையது. மனைவியின் கூடப் பிறந்த தம்பி. தாய் போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். தம்பி என்று வாயால் சொல்வாளே தவிர, பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மத்தியானச் சோறு அக்கா வீட்டில். சவரம் மாமாவிடம், அதுவும் ஓசியில்.

மழைக்காலம் தொடங்கிய புதிதில் ஒரு சாயங்காலம் அந்தச் சம்பவம் நடந்தது. விளக்குப் போடுகிற நேரம். நாற்காலியில் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். சலூன்காரர் அவருடைய இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மருந்துக் கடையிலிருந்து ஒருவன் இறங்கினான். ஒல்லி ஆள். மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைக்குள் திணித்தான். படியில் நின்று இந்தப் பக்கம் நேராக ஒரு பார்வை பார்த்தான். ஒரு புருவம் நடுவில் அறுந்து இரண்டு துண்டாக இருந்தது. தையல் போட்டவன் சரியாகப் போடவில்லை, அங்கே இனி முடி முளைக்காது என்று சலூன்காரர் நினைத்தார். தொழில் புத்தி. அவன் மழையில் இறங்கி, அவசரப்படாமல் நடந்து போனான்.

பிறகுதான் "மாமா" என்று ஒரு சத்தம் கேட்டது.

மச்சான் கடை வாசற்படி வரை தவழ்ந்து வந்திருந்தான். அடித்தட்டிலிருந்து இருமல் மருந்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது கத்தி முகத்துக்கு நேரே இருந்திருக்கிறது. கத்தியைத்தான் பார்த்தானே தவிர ஆள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லாவைக் கையால் பொத்தியிருக்கிறான், முட்டாள் பயல். வலது மணிக்கட்டில் ஆழமாக ஒரு வெட்டு. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தபால்காரர் ஒரு பக்கம் தூக்க, சலூன்காரர் துண்டு மேல் துண்டாகச் சுற்றிக் கட்டிக்கொண்டே ஒரு பக்கம் தூக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று காலையில் மனைவி துவைத்துக் கொடுத்த துண்டுகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை. கைதான் போனது. நரம்பு அறுந்துவிட்டது, விரல்கள் இனி முழுசாக மடங்குவது சந்தேகம் என்றார் டாக்டர். மருந்துக் கடைக்காரனுக்கு மாத்திரை அட்டையை வெட்டக் கை வேண்டும், சீசாவின் மூடி திறக்கக் கை வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் கையை வைத்துப் பிழைத்தவன் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் பல கடைகளில் பூட்டு உடைந்திருந்தது. வியாபாரிகள் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த நேரம். இன்ஸ்பெக்டர் தானே வந்து சலூன்காரரை ஜீப்பில் அழைத்துப் போனார். நல்ல மாதிரியான ஆள். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"நேராப் பாத்தீங்களா?"

"நேராப் பாத்தேன் சார். படியில நின்னு என்னைப் பாத்தான்."

"எந்தப் புருவம்?"

எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே சலூன்காரர் விரலை நீட்டி, "இந்தப் பக்கம்" என்றார். விரல் காட்டிய இடத்தை இன்ஸ்பெக்டர் தன் முகத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வலது" என்றார்.

"ஆமா சார். வலது."

கண்ணாடியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று அல்ல. அது அவருக்குத் தோன்றவே இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டவர், நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்றா சொல்கிறார்? அவருக்குப் பார்ப்பது என்றாலே அதுதான்.

சில நாளில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். பூனை என்று பட்டப்பெயர். பூட்டு உடைப்பதிலும் கூரை ஓட்டைப் பிரித்து இறங்குவதிலும் பழைய கை, இரண்டு தடவை உள்ளே போய் வந்தவன். வலது புருவம் அறுந்தவன். அடையாள அணிவகுப்பு என்று சொல்லி ஒரு ஹாலில் வரிசையாகச் சிலரை நிற்க வைத்தார்கள். கதவருகே நின்ற கான்ஸ்டபிள், "புருவத்தை நல்லாப் பாருங்க" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். வரிசையில் அறுந்த புருவம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சலூன்காரர் யோசிக்கவே இல்லை. மனதில் இருந்த படமும் எதிரே நின்ற முகமும் அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. தோளைத் தொட்டார். பூனை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்னை நான் பாத்ததே இல்லியே" என்றான். எல்லாத் திருடனும் சொல்வதுதானே என்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு பூட்டு எதுவும் உடையவில்லை. தெருவில் சலூன்காரருக்கு மதிப்புக் கூடியது. ரொட்டிக் கடைக்காரர் அவர் தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். மச்சானுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்வதை அவர் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி வைத்துக்கொண்டார். கடை திறந்ததும் முதல் ஆள் அவன்தான். வெந்நீரில் துண்டை நனைத்துக் கன்னத்தில் வைத்து எடுத்து, மோவாயை ஒரு விரலால் தூக்கி, கத்தியை மெல்ல இழுப்பார். அவன் தன் கையால் செய்துகொள்ள முடியாத வேலைகள் நிறைய இருந்தன. அக்கா சட்டைப் பொத்தானைப் போட்டு விடுவாள், சோற்றைப் பிசைந்து வைப்பாள். அதற்கெல்லாம் அவன் கூசிப்போனான். சவரம் ஒன்றில்தான் கூச்சம் இல்லை. அது எப்போதும் மாமா செய்வதுதான்.

"இடது கையில எழுதக் கத்துக்கிட்டேன் மாமா. டாக்டர் எழுதற மாதிரியே வருது, ஒருத்தருக்கும் புரியல" என்று ஒருநாள் சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

குளிர்காலத்தில் கையை இன்னொரு தடவை ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு முற்பகல். நாற்காலியில் தபால்காரர்தான். வெயில் அடித்தது, தெருவெல்லாம் பளிச்சென்று இருந்தது. மச்சான் கடை வாசற்படியில் வந்து நின்று, இந்தப் பக்கம் பார்த்து, மாமா வேலையாக இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தான். சலூன்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். இவன் ஏன் கட்டை இடது கைக்கு மாற்றிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தார்.

இரண்டு இழுப்பு இழுத்தார். கத்தி அப்படியே நின்றது.

எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, அவர் முழுசாகத் தெருப் பக்கம் திரும்பினார். மச்சான் படியில் நின்றான். கட்டு வலது கையில்தான் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அதில் இடது கைபோலத்தான் தெரிந்தது. அவன் நின்றது அன்றைக்கு அந்த ஒல்லி ஆள் நின்ற அதே படி.

"என்னப்பா, வெட்டிட்டியா?" என்றார் தபால்காரர், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல. நீங்க அசையாதீங்க."

தபால்காரரின் மச்சம், வகிடுகள், தெருவில் இடம் மாறி உட்கார்ந்திருந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. படியில் நின்றவனுக்கு அறுந்திருந்தது இடது புருவம்.

அன்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. ஒரு காகிதத்தில் கண்ணாடி, நாற்காலி, தெரு என்று கோடு போட்டுக்கூடப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். பூனை உள்ள போனதுலேர்ந்து உங்க பக்கம் ஒரு பூட்டு உடைஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"அவனாவும் இருக்கலாம் சார். புருவத்தை மட்டும் நான் தப்பாப் பாத்திருந்தா அவனாவும் இருக்கலாம். ஆனா நான் பாத்த புருவம் இடது. அது மட்டும் நிச்சயம். வேற எவனாவது இடது புருவம் அறுந்தவன் இருக்கானான்னு தேடினீங்களா?"

"நீங்க வலதுன்னீங்க. நான் வலதைத் தேடினேன்."

சலூன்காரர் காகிதத்தில் இருந்த கோடுகளையே பார்த்தார்.

"இங்க பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் அலைஞ்சு திரிஞ்சு பிடிக்கறேன். அவங்க ஒரு சின்ன ஓட்டை கண்டுபிடிச்சு வெளிய வந்துடறாங்க. தேதி தப்பு, கையெழுத்து இல்ல, யாரும் பாக்கல. வந்தவன் சும்மா இருக்கானா? அடுத்து எவனோ ஒருத்தன் கையை அறுக்கறான். அப்ப எல்லாரும் எங்கிட்டதான் வந்து கத்துவீங்க. இந்தக் கேஸ்ல எங்கிட்ட கத்தி இல்ல, வேற சாட்சி இல்ல. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"அதான் சார் பயமா இருக்கு."

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. கண்ணாடின்னு நீங்களா எடுத்துக் கொடுக்காதீங்க. கேட்டா சொல்லுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. முகத்தைப் பாத்தேன், இவன்தான்னு முடிச்சுடுங்க. அவன் ஒண்ணும் கோயில் கட்டின ஆள் இல்ல. செஞ்ச பத்துத் திருட்டுல எட்டுக்கு உள்ள போகாதவன். இதை அதுல கழிச்சுக்கட்டும்."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல். வெளியே வந்து நடக்கும்போது, கேட்டால் மட்டும் சொல்லலாம் என்ற அந்த யோசனை அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போனதாக உணர்ந்தார். பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. அந்த யோசனையை வைத்துக்கொண்டு அவர் குளிர்காலம் முழுதும் ஓட்டினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. மச்சானுக்குச் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்க்காமல் கத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு செய்தார்.

"என்ன மாமா, இப்பல்லாம் பேசவே மாட்டேங்கறீங்க" என்றான் அவன்.

"பல்லு வலி."

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிச் சலூன் துண்டுகளைக் காயப் போட்டிருந்தாள் மனைவி. குனிந்து குனிந்துதான் அடுக்களைக்குப் போக வேண்டியிருந்தது. ஈரத் துணி வாடையும் சோப்பு வாடையும். அவருக்குச் சோறும் முட்டையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, ஓரளவு காய்ந்த துண்டுகளை மடித்தாள். அவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க. கோர்ட்டுன்னா என்ன, பேயா பிசாசா? பாத்ததைச் சொல்லிட்டு வரப்போறீங்க."

அப்போது சொல்லிவிட்டார். கை, கட்டு, படி, இன்ஸ்பெக்டர், எல்லாம். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

"இது எப்பத் தெரியும்?"

"இரண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு அவன் வந்து நின்னானே, அன்னைக்கு."

"இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல."

"எப்படிச் சொல்றது?"

"இப்ப மட்டும் எப்படிச் சொல்றீங்க? இப்பவும் சொல்லாம இருந்திருக்கலாம்ல. போய் அவன்தான்னு சொல்லிட்டு வந்திருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்." துண்டைக் கீழே வைத்தாள். "அவன் திருடனா இல்லியா?"

"திருடன்தான். ஆனா இதைச் செஞ்சான்னு எனக்குத் தெரியாது."

"என் தம்பியால ஒரு பொத்தான் போட முடியல. நான் போட்டு விடறப்ப அவன் எந்தப் பக்கம் பாக்கறான்னு நீங்க பாத்திருக்கீங்களா? சுவத்தைப் பாக்கறான். அதுக்கு யாராவது உள்ள இருக்கணும்."

"யாராவதா?"

கீழே வைத்த துண்டை அவள் மறுபடி எடுத்தாள். தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். துண்டை மடித்து வைத்துவிட்டு, "உண்மையாச் செஞ்சவன் எங்க?" என்றாள்.

"எங்கியோ இருக்கான். பூனை உள்ள இருக்கிற வரைக்கும் அவனை யாரும் தேடப்போறதில்ல."

"வெளிய விட்டா மட்டும் தேடிடுவாங்களாக்கும்." எழுந்து நின்றாள். தலையில் ஒரு ஈரத் துண்டு இடித்தது; அதைக் கோபமாகத் தள்ளிவிட்டாள். "என்னமோ பண்ணுங்க. ஆனா என் தம்பிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. கோர்ட்ல உக்காந்து ஊரோட சேந்து அவனும் கேக்கவேணாம்."

அது மட்டும் அவரால் முடியவில்லை. மறுநாள் காலையில் மச்சான் வந்து உட்கார்ந்தான். நுரை போட்டார், மழித்தார், துடைத்தார். மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும், "வெந்நீர் சுடுதா?" என்றுதான் வந்தது.

கோர்ட் என்பது அவர் நினைத்ததைவிடச் சின்ன அறை. மின்விசிறி கிரீச்சென்றது. நீதிபதி ஒரு அம்மாள். சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். பின் பெஞ்சில் மனைவியும் மச்சானும். கூண்டில் பூனை இளைத்திருந்தான். தலையைக் கன்னாபின்னாவென்று வெட்டி விட்டிருந்தார்கள். ஜெயில் கத்தரி என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அரசு வக்கீல் அழகாகக் கொண்டுபோனார். கடை எங்கே, மழை பெய்ததா, என்ன பார்த்தீர்கள். கடைசியில் கூண்டைக் காட்டி, "நீங்கள் பார்த்த நபர் இவர்தானா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான். கண்ணாடி என்ற வார்த்தையை யாரும் கேட்கவில்லை. பூனைக்காக வந்திருந்த வக்கீல், சின்ன வயசு, அடுத்த கேஸின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல். சொன்னால் முடிந்தது.

"தெரியலைங்க" என்றார் சலூன்காரர்.

"என்ன?"

"நான் அந்த ஆளை நேராப் பாக்கலைங்க. கடைக் கண்ணாடியில பாத்தேன். வலது புருவம்னு சொன்னது தப்பு. நான் பாத்தவனுக்கு இடது."

அறையில் யாரோ சிரித்தார்கள். சின்ன வக்கீல் கட்டை மூடினார். அரசு வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. உங்களை யாராவது மிரட்டினார்களா, ஏதாவது கொடுத்தார்களா, இவனுடைய ஆட்கள் கடைக்கு வந்தார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

"அணிவகுப்பில் தோளைத் தொட்டீர்களே?"

"தொட்டேங்க. எனக்கு மனசுல இருந்த படம் மாதிரியே இருந்தான். படமே தலைகீழ்னு அப்பத் தெரியல."

நீதிபதி அம்மாள் நிமிர்ந்தார். "அந்த வரிசையில் புருவம் அறுந்தவர்கள் எத்தனை பேர் நின்றார்கள்?"

"இவன் ஒருத்தன்தாங்க."

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார்.

"இதை எப்போது உணர்ந்தீர்கள்?"

"என் மச்சான் கையில கட்டோட கடை வாசல்ல நின்னான். கண்ணாடியில பாத்தா இடது கை மாதிரி தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தா வலது." நீதிபதி அம்மாளை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கை வலதுன்னு எனக்குத் தெரியாம இருக்குமா அம்மா? நான்தான் கட்டித் தூக்கிட்டுப் போனேன்."

பின் பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது மச்சான் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

சில வாரத்தில் பூனையை விட்டுவிட்டார்கள். தீர்ப்பு நாளில் சலூன்காரரும் போயிருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. தாழ்வாரத்தில் பூனை எதிரே வந்தான். நன்றி சொல்வான் என்று இவர் எதிர்பார்க்கவில்லைதான்; கொஞ்சம் எதிர்பார்த்தார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"மழைக்காலத்துல உள்ள போனேன். வெயில் காலத்துல விடறாங்க" என்றான் பூனை. "நடுவுல எங்கம்மா போயிட்டா. முகத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனானுங்க, விலங்கோட." ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, "கண்ணாடியாம்" என்று சொல்லிப் படியிறங்கினான்.

தெரு அதற்கு முன்பே அவரைக் கைகழுவிவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பெஞ்சு காலியாக இருந்தது. தபால்காரர் ஒருவர்தான் தவறாமல் வந்தார். அவரும் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டார். அடுத்த தெருச் செருப்புக் கடையில் ஒருநாள் பூட்டு உடைந்தது. உடைத்தது பூனையா வேறு எவனாவதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ரொட்டிக் கடைக்காரர் அன்று தேநீருக்குக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் போகும்போது கண்ணாடிக்குள் தெரிவார். இந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

மச்சான் தாடி வளர்த்தான். மத்தியானம் அக்கா தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுபோய்க் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். அவர் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். தெருவைக் குறுக்கே கடப்பாள், சலூன் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், உள்ளே போவாள். வீட்டில் அவரிடம் பேசாமல் இல்லை. துண்டுகளைத் துவைத்தாள், காய்ந்ததும் மடித்துக் கொடுத்தாள், உப்புப் போதுமா என்றாள். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

"என்ன சொல்றான்?" என்று ஒருநாள் துணிந்து கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட சொல்லியிருக்கலாமேன்னு ஒரே ஒரு தடவை சொன்னான். கோர்ட்ல சொன்னதைப் பத்தி இல்ல. அதுக்கு முன்னாடி ஒருநாள் விட்டு ஒருநாள் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, அப்பச் சொல்லியிருக்கலாமேன்னான்."

அவரால் அன்று சாப்பிட முடியவில்லை.

வெயில் உச்சத்துக்கு வந்த ஒரு காலையில், கடையைத் திறந்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மச்சான் தெருவைக் கடப்பது தெரிந்தது. ரொட்டிக் கடைக்குப் போகிறான் என்று நினைத்தார். அவன் உள்ளே வந்து நின்றான். தாடி கழுத்துவரை இறங்கியிருந்தது.

"அரிக்குது" என்றான்.

"உக்காரு."

அவன் உட்காரவில்லை. நாற்காலியை இடது கையால் பிடித்து அசைத்துப் பார்த்தான். "இது திரும்புமா?"

"துரு பிடிச்சுக் கிடக்கு. ஏன்?"

"வாசல் பக்கம் திருப்புங்க மாமா."

கேள்வி கேட்காமல் அவர் ஒரு பக்கம் பிடித்தார். அவன் நல்ல கையால் மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேருமாகத் தரையில் கீறிக்கொண்டே நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பினார்கள். அவன் உட்கார்ந்தான். கண்ணாடி இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் போயிற்று. வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் நின்றால் சலூன்காரருக்கு அவன் முகமே தெரியவில்லை. சுற்றி முன்னால் வந்து நின்றார். கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு கணம் தடுமாறியது. இவ்வளவு காலம் மழித்த முகம், நேருக்கு நேர் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தது. காதோரம் ஒரு சின்ன மச்சம்; அது இந்தப் பக்கம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

துண்டை நனைத்துக் கன்னத்தில் வைத்தார். நுரை போட்டார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் வண்டி ஒன்று போனது. இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முகத்தையும் அவன் கண் பின்தொடர்ந்துவிட்டு அடுத்ததுக்கு வந்தது.

"இடதுதானே மாமா?" என்றான்.

"இடது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. நான் பாத்துக்கறேன். நீங்க வேலையைப் பாருங்க."

சலூன்காரர் அவன் மோவாயை ஒரு விரலால் தூக்கினார். தெருவை மறைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டு, கத்தியை மெல்ல இழுத்தார்.